நீண்ட ஆங்கிலச் சொல்லை எங்கே வெட்டுவது?

கிளிநொச்சியில் ஒரு ரியூசன் கொட்டில். 'டிமைனிங்' என்ற சொல்லை அசை பிரிக்கச் சொன்னேன். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றுபவர்களால் எங்கள் பிள்ளைகளுக்குப் பழகிய சொல். ஒரு பொடியன் 'டி, மைன், இங்' என்றான். கருத்துப்படி அது சரிதான்: அகற்றல், கண்ணிவெடி, கடைசியில் விகுதி. ஆனால் வாயில் வரும்போது ன் அடுத்த அசைக்குத் தாவிவிடும்: டி-மை-னிங்.

கருத்துப் பிரிப்பையும் அசைப் பிரிப்பையும் ஒன்றாக்குவதுதான் பெரிய தவறு. தமிழில் நாங்கள் இப்படிக் குழம்புவதில்லை. 'நடந்தான்' அசையில் நடந்/தான், நிரை நேர். விகுதி மட்டும் 'ஆன்'. 'தான்' விகுதி என்று எழுதினால் தமிழ் ரீச்சர் சிவப்பு மையால் கீறிவிடுவார். ஹெலிகொப்டரை 'ஹெலி' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கிரேக்க மூலத்தில் வெட்டு அங்கே இல்லை. சுருளைக் குறிக்கும் 'ஹெலிகோ', சிறகைக் குறிக்கும் 'ப்டர்'.

எழுத்தை எண்ணி அசை சொல்வது இன்னொரு தவறு. 'ஸ்ட்ரெங்த்ஸ்' ஆங்கிலத்தில் 9 எழுத்து, ஒரே அசை. 'ஸ்கூல்' கூட ஒன்றுதான். முன்னால் ஒரு இகரம் போட்டு 'இஸ்கூல்' என்றால் இரண்டாகிவிடும்.

அப்புறம் அழுத்தம். தமிழ்ப் பழக்கத்தில் எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்லிவிடுகிறோம். போருக்குப் பிறகு வன்னியில் அடிக்கடி காதில் விழுந்த இரண்டு சொற்களையே பாருங்கள். 'ரீசெட்டில்மென்ட்' எங்கள் மீள்குடியேற்றம். 'ரீ' தான் மீள். முன்னால் ரீ, பின்னால் மென்ட் ஒட்டியும் அழுத்தம் 'செட்'டிலேயே நிற்கும். 'ரீஹபிலிடேட்' அப்படியல்ல. அதில் அழுத்தம் 'பி'யில். 'ரீஹபிலிடேஷன்' ஆனதும் 'டே'க்கு ஓடிவிடும். 'எடியுகேஷன்', 'இன்ஃபர்மேஷன்' எல்லாம் இப்படித்தான்: ஷன்னுக்கு முந்திய அசையை அழுத்துங்கள். 'டெலிவிஷன்' மட்டும் அடங்காத பிள்ளை, முதல் அசையிலேயே அழுத்தம்.

ரீ வந்தாலே 'மீண்டும்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. 'ரீசன்', 'ரீஜன்' இரண்டிலும் மீண்டும் ஒன்றும் நடக்கவில்லை.

அகராதியில் அழுத்தக் குறியைப் பார்க்கும்போதும் கவனம். பிரித்தானிய அகராதிகளில் மேலே நிற்கும் சின்னக் கோடு அடுத்து வரும் அசைக்கு உரியது. சில அமெரிக்க அகராதிகளில் அதே குறி அசைக்குப் பின்னால் வரும். எந்த அகராதி என்று முன்பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டே வாசியுங்கள்.