பெண்களின் முகத்தில் மிகுந்து வளரும் முடிக்குச் சோம்பு எண்ணெய்: தயாரிக்கும் முறையும் தடவும் முறையும்

பெண்களின் மேலுதட்டிலும் தாடையிலும் முடி கருத்துத் தடித்து வளர்வதற்கு, ஆண்ட்ரோஜன் என்னும் ஆண்தன்மை ஹார்மோன்கள் மிகுவதோ, அவற்றின் தூண்டலுக்கு முடிவேர்கள் அளவுக்கு மீறி எதிர்வினை காட்டுவதோ காரணமாகிறது; பெரும்பாலானோரிடம் இதன் பின்னணியில் இருப்பது பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு. தோலின் மேல் தடவும் எந்த மூலிகையும் அந்த மூல காரணத்தைச் சரிசெய்யாது. முடியைச் சற்று மெலியச் செய்யலாம், அதை நீக்க வேண்டிய இடைவெளியை நீட்டிக்கலாம், அவ்வளவே. சில மாதங்களுக்குள் முடி வேகமாகப் பெருகினாலோ, குரல் தடித்தாலோ, மாதவிடாய் தள்ளிப்போனாலோ, முதலில் செய்ய வேண்டியது மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்வதுதான்.

சோம்பைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. 2003-இல் வெளியான ஓர் ஈரானிய ஆய்வில் 38 பெண்களுக்குச் சோம்புச் சாறு கலந்த களிம்பும் வெறும் களிம்பும் பிரித்துக் கொடுக்கப்பட்டன. 2 சதவீதம் சாறு கலந்த களிம்பைத் தடவியவர்களின் முடி விட்டம் சராசரியாக 18.3 சதவீதம் குறைந்தது, 1 சதவீதக் களிம்பில் 7.8 சதவீதம் குறைந்தது. சிறிய ஆய்வுதான். வீட்டில் காய்ச்சும் எண்ணெயின் வீரியத்தை அளக்க வழியில்லை என்பதால், அதே பலனை எதிர்பார்க்கக் கூடாது.

முதல் படி, எண்ணெய் தயாரித்தல். நன்கு உலர்ந்த சோம்பு 25 கிராமைக் கொரகொரப்பாகப் பொடித்து, 100 மில்லி சூரியகாந்தி எண்ணெயில் கலந்து, அந்தக் கிண்ணத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, சிறு தீயில் ஒரு மணி நேரம் சூடேற்றவும். எண்ணெயின் மேல் சிறு குமிழிகள் எழுந்தால் பொடியில் ஈரம் இருக்கக்கூடும். அவை அடங்கும் வரை இறக்க வேண்டாம், ஏனெனில் ஈரம் தங்கிய எண்ணெய் விரைவில் கெட்டுவிடும். ஆறியதும் உலர்ந்த துணியில் வடிகட்டி, அடர்நிறக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும். சிக்கு வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும்.

இரண்டாம் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள், தாண்டக் கூடாது. முழங்கை மடிப்பில் நாணய அளவு இடத்தில் காலையும் மாலையும் ஒரு வாரம் தடவிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ தோன்றினால் அந்த எண்ணெய் உங்களுக்கு வேண்டாம். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும், மார்பகப் புற்றுநோய் போன்ற, ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்தன்மை ஹார்மோன் சார்ந்த நோய் உள்ளவர்களும், சோம்புக்கு ஈஸ்ட்ரோஜனை ஒத்த தன்மை இருப்பதால், இதைத் தவிர்ப்பதே நல்லது.

மூன்றாம் படி, தடவுதல். த்ரெட்டிங் அல்லது வாக்சிங் செய்து, சிவப்பு முழுவதும் அடங்கிய மறுநாள் இரவிலிருந்து, இரண்டு மூன்று சொட்டுகளை விரல்நுனியால் மென்மையாகப் பரப்பவும். சோம்பு சார்ந்த தாவரக் குடும்பத்தில் வெயில்பட்டால் தோலைப் பாதிக்கும் பொருள்கள் உள்ளன, ஆகவே இரவில் மட்டும் தடவி, காலையில் கழுவிவிடவும். முகப்பரு உள்ளவர்களுக்கு எண்ணெய்ப் பூச்சே பருவைக் கூட்டக்கூடும். மாவுப் பூச்சைக் காயவைத்து அழுத்தித் தேய்த்து முடியை உதிர்க்கும் முறையை நான் பரிந்துரைப்பதில்லை. உரசலால் தோல் புண்பட்டு, பின்னர் கருமை படிகிறது.

பலனை அளக்க, ஒரே வெளிச்சத்தில் மாதம் ஒரு படம் எடுத்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை முடியை நீக்க நேர்கிறது என்பதையும் குறித்து வாருங்கள். முடியின் வளர்ச்சிச் சுழற்சி மெதுவானது என்பதால் மூன்று மாதங்கள் ஆகும் முன் முடிவுக்கு வர வேண்டாம். அதன் பின்னும் மாற்றமில்லையெனில், லேசர் குறித்தும் எஃப்லோர்னிதின் களிம்பு குறித்தும் தோல் மருத்துவரிடம் கேட்கலாம். அந்தக் களிம்பும் முடியை அகற்றுவதில்லை, வளர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது, நிறுத்தினால் சுமார் 8 வாரங்களில் பழைய நிலை திரும்பிவிடும்.