காரில் தெறித்த ரோடு பெயின்ட்டை வீட்டிலேயே எடுப்பது எப்படி?

சாலையில் புதிதாகப் போட்ட, காயாத கோட்டின் மேல் சக்கரம் ஒரு சுற்று ஏறினால் போதும். டயர் அந்தப் பெயின்ட்டை அள்ளி, மட்கார்டு ஓரத்திலும் கதவின் அடிப்பகுதியிலும் பொட்டுப் பொட்டாக இறைத்துவிடும். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்க்கும்போதுதான் நமக்கே தெரியும். எனக்கு முதல் தடவை இது நடந்தபோது, பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்து ஒரே மூச்சாகத் தேய்த்தேன். வெள்ளைப் பொட்டுகள் போய்விட்டன. கூடவே காரின் பளபளப்பும் போய், உள்ளங்கை அகலத்துக்கு மங்கலாக ஒரு திட்டு விழுந்துவிட்டது.

காரணம் இதுதான். இரவில் ஹெட்லைட் பட்டால் மின்ன வேண்டும் என்பதற்காகச் சாலைக் கோடுகளில் நுண்ணிய கண்ணாடி மணிகளைச் சேர்க்கிறார்கள். அந்த மணிகளோடு சேர்த்துத் தேய்ப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் ஒன்றுதான். கார் பெயின்ட்டின் மேலே இருக்கும் க்ளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சோ பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. அதனால் இந்த வேலையில் தேய்ப்பதே கூடாது. ஊறவைத்து, இளகவைத்து, அலுங்காமல் தூக்கி எடுக்க வேண்டும்.

1. அன்றைக்கே பார்த்துவிட்டால்

பாதி வேலை மிச்சம். இப்போது பல இடங்களில் தண்ணீரில் கலக்கிய அக்ரிலிக் பெயின்ட்டைத்தான் கோடு போடப் பயன்படுத்துகிறார்கள். அது சில நிமிடங்களில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிடும். முழுவதும் இறுகக் கூடுதல் நேரம் பிடிக்கும். அதற்குள் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினால் பெரும்பகுதி போய்விடும். பிரஷர் வாஷர் இருந்தால் ஒரு அடிக்குக் குறையாமல் தள்ளிப் பிடியுங்கள்.

2. காய்ந்துவிட்டால்: முதலில் கழுவுங்கள்

நிழலில் நிறுத்தி, தகடு ஆறியபின் கார் ஷாம்பு போட்டு மண், தூசி எல்லாம் போகக் கழுவித் துடையுங்கள்.

3. மறைவான இடத்தில் சோதனை

இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். பெட்ரோல் மூடியின் உட்புறம் போன்ற இடத்தில் நீங்கள் பயன்படுத்தப் போகும் திரவத்தைத் தொட்டுத் தடவி, இரண்டு நிமிடம் கழித்துத் துடையுங்கள். துணியில் காரின் நிறம் ஏறினாலோ, அந்த இடம் பிசுபிசுத்தாலோ அந்தத் திரவம் வேண்டாம். மறுபெயின்ட் அடித்த கதவு, பம்பர் இருந்தால் அவற்றைத் தனியாகச் சோதியுங்கள். கம்பெனி பெயின்ட் தாங்குவதை அவை தாங்காமல் போகலாம். மேட் ஃபினிஷ் (பளபளப்பில்லாத பூச்சு) வண்டி என்றால் தேய்ப்பது, பாலிஷ் போடுவது எதையும் தொடாமல், விவரம் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

4. ஊறவைத்தல்

டபிள்யூடி-40 போன்ற ஊடுருவும் எண்ணெய், தார் நீக்கும் திரவம், பெட்ரோலியம் ஜெல்லி, இந்த மூன்றில் ஒன்று போதும். முதல் இரண்டையும் மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து, பெயின்ட்டின் மேல் ஒற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். பாட்டிலில் வேறு நேரம் எழுதியிருந்தால் அதன்படி செய்யுங்கள். ஜெல்லி என்றால் தடிமனாக அப்பி, ராத்திரி முழுக்க விட்டுவிடலாம். மெதுவான வழிதான், ஆனால் என் ஓட்டு அதற்குத்தான். அவசரக் கைகள் கெடுக்க அதில் வாய்ப்புக் குறைவு.

சக்கரத்துப் பக்கம் நேரடியாக ஸ்ப்ரே அடிக்காதீர்கள். எண்ணெய் பிரேக் டிஸ்க்கிலோ பேடிலோ பட்டால் பிரேக் பிடிக்காது. துணியில் நனைத்து ஒற்றச் சொன்னதும் அதனால்தான். கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்குத் தள்ளி நின்று செய்யுங்கள்.

5. தூக்கி எடுத்தல்

இளகியதும், துணி சுற்றிய விரல் நகத்தாலோ பிளாஸ்டிக் ஸ்கிரேப்பராலோ பொட்டின் ஓரத்தைக் கிளப்புங்கள். ஓரம் எழும்பினால் மீதி தோலுரிவதுபோல் வந்துவிடும். வரவில்லையா, அழுத்தாதீர்கள், மறுபடி ஊறவையுங்கள். எனக்கு ஒரு கதவுக்கு மட்டும் நான்கு சுற்று ஆனது. ஒவ்வொரு தடவையும் துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், முன்பு எடுத்த கண்ணாடி மணிகள் அதிலேயேதான் இருக்கும்.

கட்டியாக, மெழுகு உருகி உறைந்ததுபோல் ஒட்டியிருந்தால் அது தெர்மோபிளாஸ்டிக். சுமார் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி உருக்கிச் சாலையில் போடுவது. இதற்கு ஹேர் டிரையர் உதவும். ஊறவைக்கும் முன், எண்ணெய் எதுவும் இல்லாத தகட்டில் மட்டும், ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டி ஆட்டிச் சூடு காட்டி, இளகும்போது கிளப்புங்கள்.

தின்னர், அசிட்டோன், பெட்ரோல் மூன்றும் வேண்டவே வேண்டாம். ரோடு பெயின்ட் கரைகிறதோ இல்லையோ, கார் பெயின்ட் கெட்டுப்போகலாம். மஞ்சள் பெயின்ட்டை உலர்வாகச் சுரண்டிப் பொடியாக்கவும் கூடாது. பழைய வகை மஞ்சளில் ஈயம் கலந்த நிறமி உண்டு.

6. மிச்சம் மீதி

சொரசொரப்பாக ஏதாவது தட்டுப்பட்டால், ஷாம்புத் தண்ணீர் தெளித்து க்ளே பாரை (ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கட்டி) லேசாக ஓட்டுங்கள். பிறகு எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, மங்கல் இருந்தால் பாலிஷ் போட்டு, கடைசியாக வாக்ஸ். எண்ணெயும் கரைப்பானும் பழைய வாக்ஸையும் எடுத்திருக்கும் என்பதால் இதை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், சக்கர வளைவுக்குள்ளே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கிலும் அப்பியிருக்கும். நான் இரண்டு நாள் எடுக்க முயன்று பார்த்தேன், குனிந்து பார்க்கிற ஒரே ஆள் நான்தான் என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன். தானாகவே உதிர்ந்துகொண்டிருக்கிறது.