ரோமானிய ஈமப்பேழைச் சிற்பங்களைப் பார்த்துப் பொருள் கொள்ளும் முறை

இறந்தோரை எரிப்பதை விட்டுப் புதைக்கும் வழக்கத்துக்கு ரோமானியர் பெருமளவில் மாறிய கி.பி. 2ஆம் நூற்றாண்டில்தான் செல்வக் குடும்பங்கள் பளிங்கு ஈமப்பேழைகளை அதிகம் நாடத் தொடங்கின. அப்படிப்பட்ட பேழை ஒன்றை அருங்காட்சியகத்தில் கண்டால், சிற்பத்தில் மனம் செல்லும் முன் அதை ஒருமுறை சுற்றி வாருங்கள். பின்புறம் வெறுமையாக இருந்தால், அது கல்லறைச் சுவரை ஒட்டி வைப்பதற்காக ரோம் நகரப் பட்டறையில் செய்யப்பட்டது எனப் பெரும்பாலும் கொள்ளலாம். நான்கு பக்கமும் வேலைப்பாடு இருந்தால் ஏதென்ஸையோ ஆசியா மைனரையோ (இன்றைய துருக்கிப் பகுதி) நினைக்க வேண்டும். முனைகள் வளைந்து, சிங்கமுகங்கள் துருத்தி நிற்கும் பேழை திராட்சை மிதிக்கும் தொட்டியின் வடிவம். அது மதுவின் கடவுளான டயோனைசஸின் உலகத்தைச் சேர்ந்தது.

அடுத்து, சிறு அடையாளங்களைத் தேடுங்கள். தலைகீழாகப் பிடித்த தீப்பந்தம் அணைந்த உயிரையும், கசகசாக் காய் உறக்கத்தையும், பாதி திறந்த கதவு மறுவுலக வாசலையும் குறிப்பதாகக் கருதப்படுகிறது. ஆனால் ஒவ்வொரு இலைக்கும் ஒரு மறைபொருள் தேடக் கூடாது. இத்தகைய உருவங்களில் மறுமை பற்றிய தத்துவத்தைக் கண்டு பிரான்ஸ் கூமோன் என்ற அறிஞர் 1942இல் எழுதிய பெருநூலை, ஆர்தர் டார்பி நாக் என்ற மற்றோர் அறிஞர் 1946இல் கடுமையாக மறுத்தார். இவ்விஷயத்தில் நாக்கின் நிதானமே எனக்கு ஏற்புடையது. கல்லில் தொங்கும் மாலை, முதன்மையாக, கல்லறைக்கு உறவினர் சூட்டிய மாலைதான்.

புராணக் காட்சியாக இருந்தால், கதையை அறிந்துகொண்ட பிறகு இறந்தவர் யாரென்று பாருங்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலுள்ள 3ஆம் நூற்றாண்டுப் பேழையில், நிலவுத் தெய்வம் செலீனே தேரிலிருந்து இறங்கி, என்றும் உறங்கும் இளைஞன் எண்டிமியனை நோக்கி அடியெடுத்து வைக்கிறாள். அவன் தலைமாட்டில் சிறகுள்ள பெண்ணொருத்தி கசகசாக் கொத்தை ஏந்தி நிற்கிறாள். உறங்குபவன் ஆண், பேழையோ கிளாடியா அரியா என்ற தாய்க்காக அவருடைய மகள் செய்வித்தது. ஆகவே இங்கு முக்கியம் உருவ ஒற்றுமையன்று, மரணத்தை உறக்கமாகவும், பிரிந்தவரை அன்பு தேடி வருவதாகவும் எண்ணிக்கொள்ளும் ஆறுதலே.

மாறாக, வத்திக்கானிலுள்ள ஆல்செஸ்டிஸ் பேழையில், கணவனுக்காக உயிர் கொடுத்த புராண நாயகியான ஆல்செஸ்டிஸுக்கும் அக்கணவனுக்கும் இறந்த தம்பதியரின் முகங்களே செதுக்கப்பட்டுள்ளன. எனவே முகங்களை அருகில் சென்று உற்று நோக்குங்கள். உடலெல்லாம் மெருகேறி முகம் மட்டும் கரடுமுரடாக இருந்தால் அது சிதைவன்று. வாங்குபவரின் சாயலைச் செதுக்க விட்டுவைத்த இடம், பிறகு எக்காரணத்தாலோ முடிக்கப்படாமல் நின்றுவிட்டது.

உறங்கும் கோலத்தை மட்டும் வைத்து எண்டிமியன் என்று முடிவு செய்துவிட வேண்டாம். ரோமின் சாந்தா மரியா அந்திகுவா தேவாலயத்திலுள்ள பேழையில் அதே கோலத்தில் கொடிப்பந்தலின் கீழ்ப் படுத்திருப்பவர், கடல் விலங்கால் விழுங்கப்பட்டு உயிரோடு வெளிவந்த விவிலியத்தின் யோனா. பக்கத்தில் கடல் விலங்கு உண்டா என்று பார்த்தால் இருவரையும் பிரித்தறியலாம்.