ஆய்வு போர்ட்டல்களுக்குப் பின்னால் ரோல் அனுமதி: புதியவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆய்வுத் தரவு போர்ட்டல்கள் கட்டும் வேலைக்குப் புதிய பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சிலர் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வேலை விசாவில் வந்தவர்கள். சிலர் இங்கேயே டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பிறந்து வளர்ந்தவர்கள். யார் வந்தாலும் அனுமதி விஷயத்தில் அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். எங்கள் காலத்தில் நாங்கள் சறுக்கிய இடங்களும் அவைதான். பாஸ்வேர்டைக் கோடில் எழுதாதே, எச்டிடிபிஎஸ் போடு என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அவை எல்லாப் பாடத்திலும் இருக்கின்றன.

அடிப்படை எளிது. ஆளுக்கு நேரடியாக அனுமதி கொடுக்காதே. ரோலுக்கு, அதாவது 'ஆய்வாளர்', 'பார்வையாளர்' போன்ற பங்குக்கு அனுமதி கொடு, ஆளை ரோலில் சேர். 1992இல் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட்டில் டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் குன்னும் இதை முறைப்படுத்தி எழுதினார்கள். 2004இல் அது அமெரிக்கத் தரமாகவும் ஆனது. ஒரே ஒரு மென்பொருள் என்றால் இதில் சிக்கலே இல்லை. ஆய்வு போர்ட்டல் அப்படி இருப்பதில்லை. முன்னால் ஒரு முகம், பின்னால் ஆளுக்கொரு வேலை செய்யும் ஐந்தாறு சர்வீஸ்கள் (தனித்தனி மென்பொருள்கள்), அவற்றில் சில வேறு யாரோ எப்போதோ எழுதியவை.

போர்ட்டல் சோதித்துவிட்டது, அது போதும் என்பது

இதைத்தான் நீளமாகச் சொல்ல வேண்டும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. கோடு எழுதியவர் தப்பித்துவிடுவார், தரவு கொடுத்தவர்தான் அனுபவிப்பார்.

வழக்கமாக நடப்பது இது. லாகின், மெனு, பட்டன் எல்லாம் போர்ட்டலில். பின்னால் ஒரு சர்வீஸ் பதிவுகளின் விவரம் தரும், ஒன்று தேடும், ஒன்று ஆடியோ கோப்பைக் கொடுக்கும், ஒன்று எண்ணிக்கை போட்டு வரைபடம் தரும். புதியவர் ரோலைப் போர்ட்டலில் சோதித்து, அனுமதி இல்லாதவருக்குப் பட்டனை மறைக்கிறார். அப்புறம் போர்ட்டல் தன்னுடைய ஒரே சர்வீஸ் அக்கவுண்டை (ஆளுக்கில்லாமல் மென்பொருளுக்கென்று உள்ள லாகினை) வைத்துக்கொண்டு எல்லா சர்வீஸ்களிடமும் போய்க் கேட்கிறது. அந்த அக்கவுண்டுக்கு எல்லாவற்றையும் படிக்க அனுமதி உண்டு. ஏன் இப்படி என்று கேட்டால், "அண்ணா, சர்வீஸ் உள் நெட்வொர்க்கில்தானே இருக்கிறது, வெளியிலிருந்து யார் வரப்போகிறார்?" என்று பதில் வரும்.

வெளியிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. போர்ட்டலே கூட்டிக்கொண்டு போய்விடும்.

இங்கே ஒரு வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தில் இது நடந்தது. டர்பன் மாநகராட்சியில் வேலை பார்த்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் வாழ்ந்த மேகசின் பேரக்ஸ் குடியிருப்பை 1960களில் காலி செய்து அவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். அந்தத் தலைமுறையின் நினைவுகளைத்தான் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். ஒரு ஆயா (பாட்டி) தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து நெடுநேரம் பேசியிருந்தார். குடும்பத்துக்குள் நடந்த ஒரு பழைய கல்யாணச் சண்டையும் அதில் இருந்தது. ஆராய்ச்சி செய்பவர்கள் மட்டும் கேட்கலாம், வேறு யாருக்கும் போகக் கூடாது என்று ஒப்புதல் படிவத்தில் குறித்துக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

போர்ட்டலில் அந்தப் பதிவுக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் சரியாகவே இருந்தது. தட்டினால் அனுமதி இல்லை என்றுதான் வந்தது. ஆனால் தேடல் சர்வீஸ் போர்ட்டலின் அக்கவுண்டில் எல்லா எழுத்துப்படிகளையும் படித்து இன்டெக்ஸ் (தேடுவதற்கான சொல் அட்டவணை) போட்டு வைத்திருந்தது. ஆயாவின் பேரன் ஒருநாள் லாகின்கூடச் செய்யாமல், கைபேசியில் தேடல் பெட்டியில் தங்கள் குடும்பப் பெயரைத் தட்டினான். முடிவுப் பட்டியலில் பூட்டுப் படம் இருந்தது. அதற்கு நேர் கீழே ஆயா சொன்ன வார்த்தைகள் இரண்டு வரி, அவன் தேடிய பெயர் மட்டும் தடித்த எழுத்தில்.

அந்தக் குடும்பம் ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. செய்தி தெருவில் பரவி, மற்றச் சில வீடுகளும் திரும்பப் பெற்றன. பதிவு எடுத்த பெண் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார். அவர் ஒரு வரி கோடும் எழுதியவர் இல்லை. இதையெல்லாம் விட மோசம், வேறு யாரெல்லாம் அந்த வரிகளைப் பார்த்தார்கள் என்று கண்டுபிடிக்க லாகை (யார் எதைத் தொட்டார் என்ற பதிவேட்டை) திறந்தால், ஒவ்வொரு வரியிலும் படித்தவர் பெயர் 'போர்ட்டல்'. தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவின் 22ஆம் பிரிவுப்படி, அனுமதி இல்லாதவர் கையில் தனிநபர் தகவல் போனதாக நம்பக் காரணம் இருந்தால் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் சம்பந்தப்பட்டவருக்கும் தெரிவிக்க வேண்டும். என்ன போனது, எவ்வளவு போனது என்றே தெரியாமல் கடிதத்தில் என்ன எழுதுவது?

இந்தச் சிக்கல் புதிதே இல்லை. 1988இல் நார்ம் ஹார்டி என்பவர் ஒரு கம்பைலரின் (எழுதிய கோடை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருளின்) கதையை எழுதினார். அதற்குத் தன் புள்ளிவிவரக் கோப்பை எழுதுவதற்காக ஒரு டைரக்டரியில் எழுதும் அனுமதி கொடுத்திருந்தார்கள். பில்லிங் கோப்பும் அதே டைரக்டரியில் இருந்தது. ஒரு பயனர் தன் வெளியீட்டுக் கோப்பின் பெயராக அந்தப் பில்லிங் கோப்பின் பெயரைக் கொடுத்தார். பயனருக்கு அதைத் தொட அனுமதி இல்லை, கம்பைலருக்கு இருந்தது. அதனால் கோப்பு அழிந்தது. யாருக்காக வேலை செய்கிறோம் என்பதைக் கம்பைலர் பார்க்கவே இல்லை. நம் போர்ட்டல் செய்வதும் இதையேதான்.

சரி, என்ன செய்ய வேண்டும்? முடிவை எடுக்க வேண்டியது தரவை வைத்திருக்கும் சர்வீஸ். அதற்குக் கேட்பவர் யார் என்று தெரிய வேண்டும். பயனர் போர்ட்டலுக்குக் கொடுத்த டோக்கனை (லாகின் செய்தவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் சீட்டை) அப்படியே பின்னால் தள்ளாதீர்கள். அது போர்ட்டலுக்கென்று வழங்கப்பட்டது, மற்ற சர்வீஸ் அதை ஏற்கவே கூடாது. டோக்கன் மாற்றிக்கொள்ளும் முறை ஒன்று 2020இல் ஆர்எஃப்சி 8693 என்ற இணையத் தர ஆவணமாக வந்திருக்கிறது. அதன்படி தேடல் சர்வீஸுக்கென்று தனி டோக்கன் வாங்கினால், பயனர் யார், அவர் சார்பில் வந்தது எது என்ற இரண்டையும் அதிலேயே வைக்கலாம். லாகிலும் இரண்டு பெயரும் வரும். பயனர் டோக்கன் இல்லாமல் கோரிக்கை வந்தால், பொதுமக்கள் பார்க்கக்கூடியதை மட்டும் கொடுங்கள்.

தேடலில் இன்னும் ஒரு கவனம் வேண்டும். முடிவுகளை எடுத்துவிட்டுப் பிறகு வடிகட்டாதீர்கள். வடிகட்டும் நிபந்தனை கேள்விக்குள்ளேயே போக வேண்டும். இல்லையென்றால் பட்டியல் காலியாக இருந்தாலும் பக்கவாட்டில் '3 முடிவுகள்' என்ற எண்ணிக்கை நிற்கும். ஒரு நபரின் பெயரையும் ஒரு நோயின் பெயரையும் சேர்த்துத் தேடியவருக்கு அந்த 3 போதும்.

பழைய சர்வீஸ், கோடைத் தொட முடியாது என்றால் அதற்கு முன்னால் ஒரு கேட்வே (கோரிக்கைகள் எல்லாம் கடந்து போகும் வாசல்) வைத்து அங்கே சோதியுங்கள். பயனர் பெயரை ஹெடரில் (கோரிக்கையின் தலைப்பு வரியில்) அனுப்பும் பழைய வழி சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அப்படியானால் வெளியிலிருந்து வரும் அதே பெயருள்ள ஹெடரை வாசலிலேயே அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் தன்னைப் பேராசிரியர் என்று எழுதிக்கொண்டு உள்ளே வருவார்.

பல்கலைக்கழகம் சொல்லும் பதவியையே ரோலாக எடுத்துக்கொள்வது

தென்னாப்பிரிக்காவில் சஃபையர் என்ற அடையாளக் கூட்டமைப்பு வழியாக ஒரு பல்கலைக்கழக ஆள் தன் சொந்த லாகினிலேயே இன்னொரு இடத்தின் போர்ட்டலுக்குள் வரலாம். அது எட்யூகெயின் என்ற பன்னாட்டு இணைப்பின் மூலம் மற்ற நாடுகளோடும் இணைந்திருக்கிறது. லாகினோடு ஃபேகல்டி, ஸ்டாஃப், ஸ்டூடன்ட் என்ற விவரமும் வரும். புதியவர் மகிழ்ந்துபோய் 'ஃபேகல்டி என்றால் ஆய்வாளர் ரோல்' என்று எழுதிவிடுகிறார். உலகத்தில் எந்த மூலையில் வேதியியல் நடத்துபவரும் ஃபேகல்டிதான். ஆயாவின் பதிவுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு? மறுபக்கம், திட்டத்தில் இரவு பகலாக எழுத்துப்படி எடுக்கும் முனைவர் பட்ட மாணவி வெறும் ஸ்டூடன்ட், அவருக்குக் கதவு திறக்காது.

அந்த விவரம் ஒருவர் எங்கிருந்து வருகிறார் என்று சொல்லும். உங்கள் திட்டத்தில் அவர் யார் என்பதைத் திட்டத்தின் பொறுப்பாளர்தான் சொல்ல வேண்டும். உறுப்பினர் பட்டியலை அவர் கையில் கொடுங்கள், முடிவுத் தேதியோடு.

மின்னஞ்சலை அடையாளமாக வைப்பது

வேண்டாம். ஒருவர் போனதும் அதே முகவரி அதே பெயருள்ள இன்னொருவருக்குப் போகலாம், பழைய ரோலும் கூடவே போய்விடும்.

திட்டத்துக்கு ஒரு ரோல், ஆளுக்கு ஒரு ரோல்

'திட்டம் 7 பார்வையாளர்', 'திட்டம் 7 பார்வையாளர் ஆடியோ இல்லாமல்', 'திட்டம் 7 பார்வையாளர் ஜூன் வரை'. ரோல்கள் ஆட்களை விட அதிகமாகிவிட்டால் யாருக்கு என்ன அனுமதி என்று யாராலும் சொல்ல முடியாது. ரோல் என்பது என்ன செய்யலாம் என்பதற்கு. எந்தப் பதிவை என்பது அந்த ஆளுக்கும் திட்டத்துக்கும் உள்ள உறவு; அதைத் தனி அட்டவணையில் வைத்து, ஒவ்வொரு பதிவைத் தொடும்போதும் பார்க்க வேண்டும். பதிவின் இணைய முகவரியில் 418ஐ 419 ஆக மாற்றினால் அடுத்தவருடைய பதிவு வந்து நிற்பது இதைச் செய்யாததால்தான். மென்பொருள் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் 2019இல் வெளியிட்ட ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றையொன்று கேட்கும் வழி) ஆபத்துப் பட்டியலில் முதலிடம் இந்த ஓட்டைக்குத்தான், 2023இலும் முதலிடம் மாறவில்லை.

கோடில் ரோல் பெயரைச் சோதிப்பது

'இவர் ஆய்வாளரா' என்று ரோலின் பெயரைச் சோதிக்காதீர்கள், 'இவர் இதைத் திறக்கலாமா' என்று அனுமதியைச் சோதியுங்கள்.

ரோலைப் பறித்ததும் வேலை முடிந்தது என்பது

ரோல்கள் டோக்கனுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால், டேட்டாபேஸில் பறித்த பிறகும் டோக்கன் காலாவதியாகும் வரை அவர் உள்ளேதான் இருப்பார். எட்டு மணி நேர டோக்கன் கொடுத்துவிட்டு 'நீக்கிவிட்டோம்' என்று குடும்பத்துக்குப் பதில் எழுதாதீர்கள். டோக்கனைச் சில நிமிடங்களுக்கு வைத்துப் புதுப்பியுங்கள், அல்லது அந்தரங்கமான பதிவுகளுக்கு மட்டுமாவது ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸிலேயே கேளுங்கள்.

இதோடு சேர்ந்த ஒன்று: மின்வெட்டுக்குப் பிறகு சர்வர் எழும்போது கடிகாரம் பின்தங்கியிருந்தால் நல்ல டோக்கனும் நிராகரிக்கப்படும். அப்போது கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள். டோக்கனின் நேரச் சோதனையை ஒரு மணி நேரம் தளர்த்தி வைத்துவிட்டுப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தளர்வை மறுபடி இறுக்க யாரும் வருவதில்லை.

நுழைய முடிகிறதா என்று மட்டும் டெஸ்ட் எழுதுவது

எல்லோரும் பேராசிரியரின் அக்கவுண்டில் நுழைந்து, பதிவு திறக்கிறது என்று பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். முடியாது என்பதற்கும் டெஸ்ட் வேண்டும். ஒரு அட்டவணை போடுங்கள்: ஒவ்வொரு ரோலும் ஒரு வரிசை, ஒவ்வொரு செயலும் ஒரு நெடுவரிசை, ஒவ்வொரு கட்டத்திலும் ஆம் அல்லது இல்லை. இல்லை என்று எழுதிய ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு டெஸ்ட். அதை போர்ட்டல் வழியாக ஓட்டாதீர்கள். கர்ல் கட்டளையில் (இணையக் கோரிக்கையை நேரே அனுப்பும் கருவி) ஒவ்வொரு சர்வீஸையும் நேரடியாகத் தட்டுங்கள்: டோக்கன் இல்லாமல் ஒருமுறை, வேறு திட்டத்து உறுப்பினரின் டோக்கனோடு ஒருமுறை, முடிவுத் தேதி கடந்தவரின் டோக்கனோடு ஒருமுறை. பதிவு இருக்கிறது என்பதே ரகசியம் என்றால் 403 (அனுமதி இல்லை) வரக் கூடாது, 404தான் (அப்படி ஒன்று இல்லை) வர வேண்டும். தேடல் சர்வீஸுக்கு, பூட்டிய பதிவில் மட்டுமே இருக்கும் ஒரு சொல்லைக் கொடுத்து, வரிகளும் எண்ணிக்கையும் இரண்டுமே பூஜ்யமாக வருகின்றனவா என்று பாருங்கள். பூஜ்யம் வரவில்லையென்றால் அன்றைக்கு வெளியீடு கிடையாது.