கூபர் பீடிக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு

"பூமிக்குள்ளேயா குடியிருக்கப் போறே?" என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். ஆமாம், இங்கே பாதி ஊர் பூமிக்குள்தான். தெற்கு ஆஸ்திரேலியாவில், அடிலெய்டிலிருந்து வடக்கே 846 கிலோமீட்டர், ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில். 1915-இல் 14 வயதுப் பையன் ஒருவன் ஓப்பல் என்ற ரத்தினக் கல்லைக் கண்டெடுத்த இடத்தில் உருவான ஊர் இது. இன்றைக்கு 1,500 பேர் அளவுக்கு இருப்போம்.

முதலில் வீடு. டக்அவுட் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். குகை என்று பயப்பட வேண்டாம். குன்றின் பக்கவாட்டில் குடைந்த வீடு. வாசல் தரை மட்டத்திலேயே இருக்கும். சுவரெல்லாம் இளஞ்சிவப்பு மணற்பாறை. இயந்திரம் சுரண்டிய வளைவு வளைவான தடம் அப்படியே தெரியும். தூசி உதிராமலிருக்க அதன் மேல் ஒரு பூச்சு அடித்திருக்கிறார்களா என்று கையால் தடவிப் பாருங்கள். இல்லையென்றால் துணிமணி முழுக்கத் தூசிதான். வெளியே 45 டிகிரி கொளுத்தும்போதும் உள்ளே 24, 25 தான். ஏசி செலவு மிச்சம். உள்ளறைகளில் ஜன்னல் கிடையாது, விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. காலையில் எழ அலாரம் கட்டாயம்.

சமையலறை வாசல் பக்கம் இருக்கிறதா, காற்றுப்போக்கிக் குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உள்ளே தள்ளியிருக்கும் அடுப்பில் மிளகாய் தாளித்தால் நெடி படுக்கையறை வரை வரும், சீக்கிரம் போகாது. அப்புறம் இட்லி மாவு: இந்த 24 டிகிரியில் ஒரே ராத்திரியில் பொங்குமென்று நம்பாதீர்கள். ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வையுங்கள். அரிசி, பருப்பு, புளி எல்லாம் அடிலெய்டில் மொத்தமாக வாங்கி வருவதுதான் வழி. கறிவேப்பிலையை உருவி ஃப்ரீசரில் போட்டுவிடலாம். தண்ணீர் ஊருக்கு வெளியே ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுத்து உப்பு நீக்கி வருவது. விலை அதிகம், குழாயைத் திறந்து விட்டுப் பாத்திரம் துலக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

குழந்தைகள் இருந்தால் இதை இரண்டு முறை படியுங்கள். ஓப்பல் வயல் முழுக்க மூடாத குழிகள். சுமார் ஒரு மீட்டர் அகலம், இருபது முப்பது மீட்டர் ஆழம்கூட இருக்கும். சுற்றி வேலி இராது. ஓடாதே, பின்னால் நடக்காதே என்று படம் போட்ட எச்சரிக்கைப் பலகைகள் சும்மா வைத்தவை அல்ல. போட்டோ எடுக்கிறவர்கள்தான் பின்னால் நடப்பார்கள். கல் பொறுக்க ஆசையென்றால் ஊருக்குள்ளேயே ஜுவல்லர்ஸ் ஷாப் என்ற இடம் இருக்கிறது. அங்கே கொட்டிக் கிடக்கும் மண்ணைக் கிளறலாம், இங்கே அதற்கு நூட்லிங் என்று பெயர். அடுத்தவர் சுரங்க எல்லைக்குள் மட்டும் கால் வைக்காதீர்கள்.

சாலைப் பயணம் பகலில் மட்டும். அந்தி சாய்ந்தால் கங்காரு குறுக்கே வரும். தெற்கே போனால் கிளெண்டாம்போ வரை 250 கிலோமீட்டருக்கு பெட்ரோல் கிடையாது. ஐம்பது மீட்டருக்கு மேல் நீளமான ரோடு டிரெயினை (பல டிரெய்லர்களைக் கோத்து இழுக்கும் லாரி) முந்த அவசரப்பட வேண்டாம். ஊரில் மருத்துவமனை உண்டு. பெரிய சிக்கல் என்றால் 1928-இல் தொடங்கிய பறக்கும் டாக்டர் சேவை விமானத்தில் அடிலெய்டுக்குக் கொண்டுபோவார்கள்.

ஊர்க்காரர்கள் கிரீஸ், செர்பியா, குரோஷியா, இத்தாலி என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள். அதனால் நீங்கள் யார், எங்கிருந்து வந்தீர்கள் என்று யாரும் துருவ மாட்டார்கள். நீங்களும் "எவ்வளவு கல் கிடைத்தது?" என்று கேட்காதீர்கள், சம்பளம் கேட்பதைவிட மோசம் அது. எதிரே வரும் வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துவார், பதிலுக்கு உயர்த்துங்கள். கிளப்புக்கோ, புல்லே இல்லாத கோல்ஃப் மைதானத்துக்கோ வாரம் ஒருமுறை போய்த் தலையைக் காட்டுங்கள். வண்டி நின்றுபோனால் வந்து இழுக்கப் போவது அங்கே பார்த்த முகம்தான்.

இந்த மண்ணின் பூர்வகுடிகள் ஊரிலும் உமூனா என்ற பூர்வகுடிக் குடியிருப்பிலும் வாழ்கிறார்கள். அணுக்கழிவுக் கிடங்கு இந்த மாநிலத்தில் வரக் கூடாதென்று போராடி, 2004-இல் அரசைப் பின்வாங்க வைத்தவர்கள் இங்குள்ள மூத்த பூர்வகுடிப் பெண்கள். அவர்களில் இருவருக்கு 2003-இல் சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மன் விருது கிடைத்தது. குடிப்பழக்கத்தை மட்டும் வைத்து அவர்களைப் பேசும் ஆட்களை நம்மவர்களிடமும் பார்ப்பீர்கள். அந்தப் பேச்சில் சேராதீர்கள்.

விசாவுக்காக மட்டும் வருவதாக இருந்தால் யோசியுங்கள்: பெருநகரங்களுக்கு வெளியே, பிராந்தியப் பகுதிகளில் வாழ்ந்து வேலை செய்வதற்கான 491 விசாவுக்கு அடிலெய்டும் பிராந்தியப் பகுதிதான். வேலையும் ஊரும் பிடித்து வருகிறவர்கள் முடிந்தால் மே மாதத்தை ஒட்டிச் சேரும் தேதி கேளுங்கள். ஜனவரியில் வந்திறங்கினால் வெயிலும் ஈயும் சேர்ந்து முதல் வாரத்திலேயே டிக்கெட் போட வைத்துவிடும். ஸ்வெட்டர் ஒன்று எடுத்து வாருங்கள், பாலைவனத்தில் ராத்திரி குளிரும்.