யூசர் ஏஜென்ட் விதிகள்: என்ஜின்எக்ஸிலும் அப்பாச்சியிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்ஜின்எக்ஸ், அப்பாச்சி இரண்டும் வெப் சர்வர்கள்; யூசர் ஏஜென்ட் என்பது உலாவி ஒவ்வொரு கோரிக்கையிலும் தன்னைப் பற்றிச் சொல்லி அனுப்பும் ஒரு வரி. அதைப் பார்த்து முடிவெடுக்கும் விதிகளில், விட்டுப்போன அரைப்புள்ளியை கன்ஃபிக் சோதனைக் கட்டளையே காட்டிக்கொடுத்துவிடும். சோதனையில் தேறிவிட்டு, ஓடும்போது தப்பான பக்கத்தைக் கொடுக்கும் விதிகள்தான் ஆளைக் கொல்பவை. புதிதாக சர்வர் வேலைக்கு வருபவர்கள் இவற்றில்தான் மாறி மாறி விழுகிறார்கள்.

கேஷ் கீயில் உலாவியை மறப்பது

முன்னால் என்ஜின்எக்ஸ் கேஷ், அதாவது ஒருமுறை வந்த பக்கத்தைச் சேமித்து அடுத்தவருக்கும் தரும் இடம். பின்னால் யூசர் ஏஜென்டைப் பார்த்து மொபைலுக்கு ஒரு பக்கமும் கணினிக்கு வேறு பக்கமும் தரும் செயலி. சேமித்த எந்தப் பிரதியை எடுப்பது என்று தீர்மானிக்கும் பிராக்ஸி_கேஷ்_கீ இயல்பாக மூன்றே விஷயங்களால் ஆனது: ஸ்கீம் (எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா), பிராக்ஸி ஹோஸ்ட் (பின்னால் உள்ள சர்வரின் பெயர்), ரிக்வெஸ்ட் யூஆர்ஐ (கேட்ட பக்கத்தின் முகவரி). உலாவி அதில் இல்லை. முகப்புப் பக்கத்தை முதலில் ஒரு ஃபோன் திறந்தால் மொபைல் பக்கம் கேஷில் உட்கார்ந்துகொள்ளும். காலாவதியாகும்வரை கணினிக்காரர்களுக்கும் அதுதான். அடுத்த முறை முதலில் கணினி வந்தால் நிலைமை தலைகீழ். புகார் வந்து நீங்கள் திறந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். பாவம், சிஎஸ்எஸ் எழுதியவர் திட்டு வாங்குவார்.

இதற்குச் செய்யும் அவசர வைத்தியம் இன்னும் மோசம். பக்கம் யூசர் ஏஜென்டைப் பொறுத்து மாறும் என்று கேஷுக்குச் சொல்லும் "வேரி: யூசர்-ஏஜென்ட்" ஹெடரைச் செயலியில் சேர்த்துவிடுவார்கள். 1.7.7 பதிப்பிலிருந்து என்ஜின்எக்ஸ் வேரியை மதிக்கிறது. எனவே பக்கம் சரியாக வரும். ஆனால் உலாவிச் சரம் ஓர் எழுத்து மாறினாலும் தனிப் பிரதி. கேஷ் இருந்தும் சுமை முழுக்கப் பின்னால் உள்ள செயலிக்கே போகும்.

செய்ய வேண்டியது இது. எச்டிடிபி பிளாக்கில் ஒரு மேப் (ஒன்றின் மதிப்பைப் பார்த்து ஒரு மாறிக்கு மதிப்பு தரும் பட்டியல்) எழுதுங்கள்: யூசர் ஏஜென்டில் "மொபி" என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் இருந்தால் மொபைல், இல்லையென்றால் கணினி. அந்த மாறியை கேஷ் கீயின் கடைசியில் ஒட்டுங்கள். அதையே ஒரு ஹெடராகச் செயலிக்கும் அனுப்புங்கள்; செயலி தானாக மறுபடி உலாவியை ஆராயக் கூடாது, இரண்டு தீர்ப்பும் முரண்பட்டால் பழைய கோளாறு திரும்பிவிடும். பிறகு பிராக்ஸி_இக்னோர்_ஹெடர்ஸில் வேரியைச் சேருங்கள். கவனம்: இது எல்லா வேரியையும் புறக்கணிக்கும். அதனால் செயலிக்குப் போகும் அக்செப்ட்-என்கோடிங்கை (உலாவி எந்தச் சுருக்கமுறையை ஏற்கும் என்று சொல்லும் ஹெடர்) வெறுமையாக்கிவிட்டு, ஜிஸிப்பால் சுருக்கும் வேலையை என்ஜின்எக்ஸே பார்க்கட்டும். முன்னால் சிடிஎன் (பக்கங்களைப் பல இடங்களில் சேமித்துத் தரும் வெளிச் சேவை) இருந்தால் அதன் கீயிலும் இதே பிரிவு வேண்டும்.

சரிபார்க்க, பக்கம் கேஷில் கிடைத்ததா (ஹிட்) இல்லையா (மிஸ்) என்று சொல்லும் அப்ஸ்ட்ரீம்_கேஷ்_ஸ்டேட்டஸ் மாறியை ஒரு ஹெடராக வெளியே காட்டுங்கள். காலியான கேஷோடு, கர்ல் என்ற கட்டளைவரிக் கருவி மூலம் ஃபோன், கணினி, ஃபோன், கணினி என நான்கு முறை கேளுங்கள். மிஸ், மிஸ், ஹிட், ஹிட் என்று வர வேண்டும். இரண்டாவதே ஹிட் என்றால் கீ தவறு.

வரிசை

என்ஜின்எக்ஸ் மேப்பில் பொருந்தும் முதல் ரெகெக்ஸ் (எழுத்துகளைத் தேடும் வடிவம்) வெல்லும். அப்பாச்சியில் உலாவிச் சரம் பொருந்தினால் ஒரு மாறியை அமைக்கும் பிரவுசர்மேட்ச் விதிகள் எல்லாமே மேலிருந்து கீழாக ஓடும். ஒரே மாறியைத் தொட்டால் கடைசி விதி வெல்லும். எட்ஜின் சரத்தில் குரோம், சஃபாரி இரண்டு பெயரும் உண்டு. குரோமின் சரத்தில் சஃபாரி உண்டு. ஆகவே என்ஜின்எக்ஸில் எட்ஜ், குரோம், சஃபாரி. அப்பாச்சியில் சஃபாரி, குரோம், எட்ஜ். ஒன்றிலிருந்து மற்றதற்கு அப்படியே நகலெடுத்தால் எட்ஜ் சஃபாரியாகிவிடும்.

ஒற்றை இலக்கப் பதிப்பு எண்

எம்எஸ்ஐஇ என்பது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் தன் சரத்தில் போட்ட பெயர். "எம்எஸ்ஐஇ [1-5]" என்ற விதி எம்எஸ்ஐஇ 10-ஐயும் பிடிக்கும், முதல் இலக்கம் 1 என்பதால். ஓபெரா 10 வந்தபோது தளங்கள் அதை ஓபெரா 1 என்று படித்தன; வேறு வழியின்றி ஓபெரா தன் சரத்தில் 9.80 என்றே போட்டுக்கொண்டு, உண்மை எண்ணைக் கடைசியில் தனியாக எழுதியது. 2022 மார்ச்சில் குரோம் 100 வந்தபோது இரண்டு இலக்கத்தோடு நின்ற விதிகளுக்கும் அதே கதி. எண்ணைப் புள்ளிவரை முழுதாகப் பிடியுங்கள்.

மாடர்ன்_பிரவுசர்

உலாவி புதியதா பழையதா என்று பிரிக்கும் என்ஜின்எக்ஸ் கட்டளை இது. இதில் "அன்லிஸ்டட்" போடாவிட்டால், பட்டியலில் இல்லாத உலாவி எல்லாம் பழையதாகக் கணக்காகும்.

ஐபேட்

ஐபேட்ஓஎஸ் 13 முதல் அதன் சஃபாரி இயல்பாக மேக் என்றே சொல்கிறது. சர்வரில் துரத்தாதீர்கள், சிஎஸ்எஸ்ஸில் திரை அகலத்தைப் பாருங்கள்.

யூசர் ஏஜென்டை வைத்து அனுமதி தருவது

வேண்டவே வேண்டாம். அந்த வரியை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம்.