உங்கள் படத்தை வேறொருவர் போட்டிருந்தால்

பத்துமலைத் தைப்பூசத்தில் நீங்கள் எடுத்த படம், உங்கள் பெயர் வெட்டப்பட்டு, வேறொருவரின் முகநூலில் வந்திருக்கிறதா? சண்டைக்குப் போகும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் பதிவின் இணைப்பைச் சேமியுங்கள். பக்கத்தின் முகவரி மட்டும் போதாது. கைப்பேசியிலுள்ள மூலப் படத்தை அழிக்கவே வேண்டாம், அதுதான் உங்கள் சான்று.

அப்புறம் முகநூலின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள்; கட்டணமில்லை. யூடியூப், கூகுளுக்கும் இதே வழிதான். படம் உள்ளூர் இணையச் சேவையாளரின் தளத்தில் இருந்தால், அவருக்கு மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி அறிவிப்பு அனுப்பலாம். கிடைத்த 48 மணி நேரத்தில் அவர் நீக்கியாக வேண்டும்.

ஆனால் உரிமை உங்களுடையதா என்று முதலில் பாருங்கள். பொதுவாகப் படம் எடுத்தவருக்கே உரிமை, படத்தில் இருப்பவருக்கு அல்ல. கல்யாணத்துக்குக் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படமோ, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவருக்குப் போகும். பலருக்கு இது தெரிவதில்லை.

உங்கள் கடையைக் குறை சொல்லி ஒருவர் சொந்தமாக எழுதியதை நீக்க இந்த வழியைத் தொடாதீர்கள். அது நியாயமும் இல்லை. பொய்யான அறிவிப்பு சட்டப்படி குற்றம்.

எதிர்த்தரப்பும் மறுப்பு அனுப்பலாம். அதற்குப் பின் நீங்கள் வழக்குப் போடாவிட்டால், நீக்கிய படம் திரும்ப ஏறிவிடும்.